வாடகை வீட்டுச் சுவர்

கோயம்புத்தூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, குடும்பத்தில் எத்தனை பேர் என்பது. அடுத்துச் சொல்வது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது. முதற் கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். இரண்டாவது நிபந்தனைதான் நம் குடும்பங்களுக்குச் சற்றுச் சங்கடமானது. புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்பே திருஇருதய ஆண்டவர் படத்துக்கு இடம் பார்க்கிறவர்கள் அல்லவா நாம்? ஆகவே ஓர் ஆணியேனும் அடித்துவிடுகிறோம். வீட்டைக் காலி செய்யும் நாளில் அந்த ஆணித் துளையும், படத்தின் முன் எரிந்த விளக்கின் கரியும் முன்பணக் கணக்கில் வந்து நிற்கின்றன.

ஆணித் துளையை அடைப்பது கால் மணி நேர வேலை. துளையின் ஓரத்தில் தளர்ந்திருக்கும் காரையைக் கத்தி முனையால் சுரண்டி, தூசியை ஊதி, சிறிது நீர் தெளித்து, கடையில் விற்கும் பட்டியைக் குழைத்து அழுத்தி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் முடிந்தது. இதற்காகப் பெரும்பாலும் யாரும் மனம் கசப்பதில்லை. கசப்பு பிறப்பது வேறிடத்தில். சுவர் தானாகவே கெடும்போது, அதாவது வர்ணம் கொப்புளித்து, காரை பொரிந்து, உப்புப் பூத்து உதிரும்போது, இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி எங்கள் குடும்பத்துக்கும் ஒரு காலத்தில் வந்தது. அதில் நாங்கள் கற்றவை வாடகை வீட்டில் வாழும் பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்றெண்ணியே இதனை எழுதுகிறேன்.

அந்த வீடு புலியகுளம் பகுதியில் ஒரு சந்தின் ஓரத்தில் இருந்தது. ஓட்டுக் கூரை, மூன்று அறைகள், பின்புறம் ஒரு துவைகல். கோவையின் பழைய வாடகை வீடுகள் பலவற்றின் வரலாறு அச்சுவருக்குள்ளும் அடங்கியிருந்தது. இந்நகரில் 1888ஆம் ஆண்டிலேயே நூற்பாலை எழுந்தது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. சுற்றுப்புற ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்காக லைன் வீடுகளும் வளவு வீடுகளும் வரிசை வரிசையாக எழுந்தன. செங்கல்லைச் செம்மண் சாந்தில் அடுக்கி, மேலே சுண்ணாம்புக் காரை பூசுவது அன்று பரவலாக இருந்த முறை. கொங்கு மண்ணில் சுக்கான்கல்லுக்குப் பஞ்சமில்லை. அதைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்துக் காரையாக்கினார்கள். அதே 1930களில் மதுக்கரையில் சிமெண்டு ஆலை தோன்றியது. நாளடைவில் சுண்ணாம்பு பின்வாங்க, சிமெண்டு முன்வந்தது. பழுது பார்க்க வந்தவர்கள் பலரும் பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டால் ஒட்டுப் போட்டுச் சென்றார்கள்.

2013 வைகாசியில் நாங்கள் குடிவந்தபோது சுவர்கள் புது வர்ணத்தில் பளபளத்தன. இளமஞ்சள் எமல்ஷன், பார்க்க அழகாகவே இருந்தது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த இரண்டு வாரங்களில், படுக்கையறையின் மேற்குச் சுவரில் தரையிலிருந்து இடுப்பளவு வரை வர்ணம் அம்மைக் கொப்புளம்போல் எழுந்தது. விரல் பட்டால் உடைந்து, உள்ளிருந்து வெண்மையான உப்புத்தூள் கொட்டியது. மார்கழியில் கட்டிலுக்குப் பின்னால் கரும்பூஞ்சை படர்ந்தது. அந்தக் கட்டிலில்தான் எங்கள் இளைய மகள் படுப்பாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. இளைப்பு முன்பே உண்டு. அந்தக் குளிர்காலத்தில் இரவெல்லாம் இருமினாள். மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, படுக்கிற அறையில் ஓதம் இருக்கிறதா என்றும் கேட்டார். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இளைப்பும் மூச்சுத் தொல்லைகளும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நூல் கூறுகிறது. நாங்கள் கட்டிலை வேறு அறைக்கு மாற்றினோம். ஆனால் மூன்று அறை கொண்ட வீட்டில் ஓர் அறையை மூடி வைத்துக்கொண்டு எத்தனை நாள் வாழ முடியும்?

வீட்டுக்கார அம்மா எதிர் வீட்டில் இருந்தார். கணவரை இழந்தவர். எங்கள் வாடகையே அவருடைய மாத வருமானம். சுவரைக் காட்டியபோது அவர் முகம் வாடிவிட்டது. "ஏனுங் அம்மணி, போன சித்திரையிலதானுங் வர்ணம் அடிச்சேன். நீங்க சுவத்தோரமாத் தண்ணி பொழங்கறீங்களாட்ட இருக்குது" என்றார். எங்களுக்கு முன் குடியிருந்தவர்களின் முன்பணத்திலும் இதே சுவருக்காகப் பணம் பிடித்தார்கள் என்று அண்டை வீட்டார் சொன்னார்கள். அப்பணத்தோடு தம் கைப்பணமும் சேர்த்துத்தான் அம்மா அந்த இளமஞ்சள் வர்ணத்தை அடித்திருந்தார். ஒரு குடும்பம் பணத்தை இழந்தது, அம்மாவுக்கும் செலவு, சுவரோ இருந்தபடியே இருந்தது. அடுத்தது எங்கள் முறை. நாங்கள் கொடுத்திருந்ததோ பத்து மாத வாடகை முன்பணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்பதுண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, குடியிருப்பவர் வீட்டைத் தாம் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆனால் இயல்பான தேய்மானத்துக்கும் தடுக்க இயலாத சக்தியால் நேரும் சேதத்துக்கும் விலக்கு அளிக்கிறது. தமிழகத்தில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. அதன் அட்டவணை வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டடத்தின் உறுப்பான பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், நீர்க்குழாய்களை மாற்றுதல் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய்த் திருகு, மின்விசை, பூட்டு, கைப்பிடி, உடைந்த கண்ணாடி, அடைத்துக்கொண்ட சாக்கடை போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. முன்பணத்துக்கும் மூன்று மாத வாடகையையே அச்சட்டம் பொது அளவாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்துகொள்ள வேண்டும் என்பதும் அதன் விதி. இவற்றை அறிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் சுவருக்குள் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை எந்தச் சட்டமும் சொல்லாது. அதை அறியாதவரை, குடித்தனக்காரர்தான் சேதப்படுத்தினார் என்றும், வீட்டுக்காரர்தான் சரியாகக் கட்டவில்லை என்றும் இரு தரப்பும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

எங்கள் வழக்கைத் தீர்த்து வைத்தவர், பங்கைச் சேர்ந்த ஒரு முதிய மேஸ்திரி. முதல் நாள் அவர் கரண்டிக் காம்பால் சுவரை அங்குமிங்கும் தட்டிக் கேட்டார். திடமான இடத்தில் கெட்டியான ஓசை வந்தது. காரை சுவரை விட்டு விலகிய இடத்தில் வெற்றோசை கேட்டது. உப்புக் கோடு இடுப்பளவில் ஏறக்குறைய சமமாக நின்றதைச் சுட்டிக்காட்டினார். கூரை ஒழுக்கானால் கறை மேலிருந்து இறங்கியிருக்கும். குழாய்க் கசிவானால் ஓரிடத்தில் மட்டும், கோடையிலும் ஈரம் இருக்கும். இது கீழிருந்து ஏறும் நீர் என்றார். ஒரு சாண் அகல பாலித்தீன் தாளைச் சுவரில் நாற்புறமும் ஒட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது தாளின் சுவர்ப்பக்கம் துளித்துளியாக நீர் கோத்திருந்தது, அறைப்பக்கம் உலர்ந்திருந்தது. அறையில் நாங்கள் புழங்கும் ஈரம் காரணமாயிருந்தால் துளிகள் வெளிப்புறத்தில் அரும்பியிருக்கும். வீட்டுக்கார அம்மாவும் குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

பிறகு மேஸ்திரி எங்கள் இருவரையும் சந்துக்கு அழைத்துச் சென்றார். "பாருங்க, வீதி ஒசந்துபோச்சு, ஊடு எறங்கிப்போச்சு" என்றார். உண்மைதான். மேன்மேலும் தளம் போட்டதில் சந்து எங்கள் வீட்டுத் தரையைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டது. மழைநீர் மேற்குச் சுவரோரம் தேங்கி நின்றது. சுவரோரமாக அம்மாவுக்குச் சொந்தமான ஒன்றரை அடி மண் கீற்றிலும் யாரோ சிமெண்டு பூசி, நீர் உள்ளே இறங்கவும் வழியின்றிச் செய்திருந்தார்கள். இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. தமிழகமெங்கும் சாலை உயர வீடுகள் தாழ்ந்தமையால், பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுத் தளம் போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் மாநிலத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார்.

பழைய சுவரின் மேல் போட்ட சிமெண்டு ஒட்டும் எமல்ஷன் வர்ணமும் நிலைமையை இன்னும் மோசமாக்கின. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். நீர் சுவருக்குள் புகுந்தாலும், காற்றுப்பட்டு அதன் வழியே ஆறிப்போகும். சிமெண்டுப் பூச்சு இறுக்கமானது; எமல்ஷன் ஒரு தோல்போல் மூடிக்கொள்கிறது. வெளியேற வழியில்லாத நீர் சுவருக்குள்ளேயே மேலேறி, பூச்சு முடியும் இடத்தில் வெளிப்படுகிறது. நீரில் கரைந்து வந்த உப்பு அங்கே உலர்ந்து படிகமாகிறது. படிகம் வளரும்போது வர்ணத்தையும் காரையையும் நெட்டித் தள்ளுகிறது. நாம் காணும் கொப்புளம் இதுவே.

விவிலியத்தில் லேவியர் நூலின் 14ஆம் அதிகாரம் வீட்டுச் சுவரில் தோன்றும் பச்சை அல்லது செந்நிறக் கறையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. வீட்டுக்கு உடையவரே சென்று குருவிடம் அறிவிக்க வேண்டும். குரு வந்து பார்த்து, வீட்டை ஏழு நாள் அடைத்து வைத்து, மீண்டும் வந்து பார்க்க வேண்டும். கறை பரவியிருந்தால் கெட்ட கற்களைப் பெயர்த்து, உட்புறத்துச் சாந்தைச் சுற்றிலும் சுரண்டி, அவற்றை ஊருக்கு வெளியே கொட்டி, வேறு கல்லும் வேறு சாந்தும் இட வேண்டும். அது சடங்குத் தூய்மைக்கான விதி. நம் கட்டடக் கலைக்கு எழுதியதன்று. எனினும் அதில் உள்ள வரிசை என் மனத்தைக் கவர்ந்தது. அறிவித்தல், பார்த்தல், காத்திருத்தல், மறுபடி பார்த்தல். அதன் பிறகே சுரண்டலும் பூச்சும். கறையின் மேல் வெள்ளையடித்து மறைக்கும் வழி அங்கே இல்லை.

எங்கள் வேலையும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் நடந்தது. 2014 தை மாதத்தில் முதலில் வெளிப்புறம். சுவரோரச் சிமெண்டைப் பெயர்த்து, உள்தரை மட்டத்துக்குக் கீழே பள்ளம் தோண்டி, ஜல்லி நிரப்பி, சாக்கடையை நோக்கி வாட்டம் கொடுத்தார். கூரை நீர் சுவரடியில் விழாதபடி ஓட்டு விளிம்பில் தகரப் பீலி கட்டினார். பிறகே அறைக்குள் வந்தார். சிமெண்டு ஒட்டுகளையும், வெற்றோசை கேட்ட காரையையும், உப்புக் கோட்டுக்கு ஓர் அடி மேல் வரை கொத்தி எடுத்து அப்புறப்படுத்தினார். "இனி மூணு மாசத்துக்குச் சுவத்தைத் தொடாதீங்க" என்று சொல்லிப் போனார்.

அந்த மூன்று மாதங்கள் கடினமானவை. செங்கல் பல்லிளிக்கும் சுவரைப் பார்த்து வந்தவரெல்லாம் விசாரித்தார்கள். வாரந்தோறும் உலர்ந்த துடைப்பத்தால் உப்பைக் கூட்டி அள்ளினேன். உப்பை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். முதல் வாரம் ஒரு முறம் நிறைய வந்தது. மாசி முடிவில் ஒரு கைப்பிடி. பங்குனியில் விரல்நுனிக்கு எட்டும் அளவே.

சித்திரையில் காரை பூசினோம். நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. கலக்கும் நீரிலும் கவனம் வேண்டும். கோவை வீடுகளில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என இருவகை உண்டல்லவா? ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில் காரை குழைத்தால், வெளியேற்றிய உப்பை நாமே மீண்டும் ஊட்டியதாகும். குடிக்கும் நீரிலேயே குழைத்தோம். அரை அங்குலத்துக்கு மேற்படாத இரண்டு பூச்சுகள். முதற் பூச்சைக் கீறிவிட்டு, அது இறுகியபின் இரண்டாவது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெதுவாக மீண்டும் கல்லாகிறது. ஆகையால் அவசரமாக உலரவிடாமல், ஈரச்சாக்கைக் கட்டி நீர் தெளித்து வந்தோம். பின்னர் சிறிது நீலம் கலந்த சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து மூன்று முறை அடித்தோம். சுண்ணாம்பு நீற்றும் இடத்தில் குழந்தைகளை நெருங்கவிடக் கூடாது. கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு.

சிமெண்டுச் சுவர் கொண்ட புதிய வீடுகளுக்கு முறை வேறு. உட்பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு மணல் போதும். ஏழு நாளேனும் நீர் தெளித்து, ஏறக்குறைய நான்கு வாரம் ஆறவிட்ட பின்னரே வர்ணம் பூச வேண்டும். சுவரில் விரிசல் கண்டால் உடனே பட்டியால் மறைக்காதீர்கள். விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். சில மாதங்களில் கோட்டைத் தாண்டினால், அது வீட்டுக்காரரும் பொறியாளரும் பார்க்க வேண்டிய விரிசல். கதவு சன்னல்களின் பழைய வர்ணத்தை உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்புவதும் தவறு. வர்ணத்தில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் பூசிய வர்ணத்தில் ஈயம் மிகுதியாக இருக்கலாம். குழந்தைகளுக்கு அது கேடு. நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். பொங்கலுக்கு அடிப்பது ஊர் வழக்கம். இரண்டும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அடுத்தே வருகின்றன. சுவர் உள்ளே இன்னும் நனைந்திருக்கும் காலம் அது. சுண்ணாம்பு அடித்த நாளில் இதனால் கேடில்லை. ஈரம் அதனூடே போய்விடும். அதே நாளில் எமல்ஷன் பூசினால் மழைநீரை உள்ளே வைத்துத் தைத்ததாகும். திருநாளுக்குத் தூசி தட்டி அலங்கரிப்போம். ஓதமுள்ள சுவரின் பழுதை மட்டும் மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்வோம்.

வெளிவேலைக்கும் காரைக்கும் அம்மா பணம் கொடுத்தார். சுண்ணாம்பும் வெள்ளையடித்த உழைப்பும் எங்களுடையவை. அடுத்த ஐப்பசி மழையை இரு வீட்டாருமே அச்சத்தோடு பார்த்திருந்தோம். கொப்புளம் வரவில்லை, பூஞ்சையும் வரவில்லை. தரையை ஒட்டி நான்கு விரல் உயரத்துக்கு மட்டும் ஆண்டுதோறும் சிறிது உப்புப் பூக்கும், கூட்டிவிடுவோம். மகளின் இளைப்பு அறவே நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆயினும் அவள் தன் அறையில், தன் கட்டிலில், இரவு முழுவதும் தூங்கினாள்.

2022இல் அவ்வீட்டைக் காலி செய்தோம். திருஇருதய ஆண்டவர் படத்தின் ஆணித் துளையை அடைத்து, கரிக்கும் வெள்ளையடித்தோம். அம்மா முன்பணத்தைக் குறைவின்றித் தந்தார். நாங்கள் அவரிடம் ஒரு தாள் கொடுத்தோம். எந்தச் சுவர், எந்த மாதத்தில் ஈரம், பீலியை எப்போது துப்புரவு செய்வது, ஏன் அங்கே சிமெண்டும் எமல்ஷனும் பூசக் கூடாது என்பனவெல்லாம் அதில் எழுதியிருந்தன. அடுத்து வருகிறவர்களிடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். வாடகை வீட்டில் நமக்குப் பின் வருகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் ஒரு குழந்தை இருக்கலாம். அக்குழந்தையின் கட்டிலையும் அந்த மேற்குச் சுவரோரம்தான் போடுவார்கள். அந்த அறையில் கட்டில் போட வேறு இடமில்லை.